வெல்லும் அணிக்கு எதிரே: கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு நம்பிக்கையைச் சோதித்தல்

கல்லூரிக் கூடைப்பந்தில் தொடர்ந்து வெல்லும் அணியின் பயிற்சியாளரிடம் சற்று நேரம் பேசினால் ஒரு வருத்தம் வெளிவரும். மற்ற அணிகள் தங்களுக்குள் ஆடும்போது ஏனோதானோவென்று ஆடுகின்றன; எங்களோடு மோதும்போது மட்டும் உயிரைக் கொடுத்து ஆடுகின்றன என்பார். அமெரிக்கப் பெரும் பல்கலைக்கழகங்களில் இது தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் பேச்சு. கேரளத்தில் பல்கலைக்கழகப் போட்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் இது புதிதாக இராது.

இந்தக் கூற்றில் ஒரு வசதி இருக்கிறது. அணி தோற்றால் எதிராளியின் அசாதாரண முயற்சி காரணமாகிறது. வென்றால் அதே முயற்சியை முறியடித்தது பெருமையாகிறது. எந்த முடிவு வந்தாலும் பொருந்திவிடும் விளக்கத்தை ஆய்வாளர் எளிதில் ஏற்கக் கூடாது. எனவே கேள்வியை இப்படி வகுத்துக்கொள்கிறேன்: சாம்பியன் அணியைச் சந்திக்கும் எதிராளி உண்மையிலேயே கூடுதலாக உழைக்கிறதா? உழைத்தால், அந்த உழைப்பு எங்கிருந்து வருகிறது?

கொச்சியிலிருந்து இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மட்டாஞ்சேரிப் பக்கத்துக் கொச்சின் காலேஜ், எர்ணாகுளத்தின் மகாராஜாஸ், செயின்ட் தெரசாஸ், தேவரையின் சேக்ரட் ஹார்ட் ஆகியவையும், பெண்கள் கூடைப்பந்தில் பெயர்பெற்ற சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியும் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் ஒரே வரம்புக்குள் வருகின்றன. பெரிய அணியும் சிறிய அணியும் ஒரே அட்டவணையில் பெயர் எழுதப்படும் இடம் இது. ஆனால் ஆய்வுக்குரிய பதிவுகள் அமெரிக்காவில்தான் அதிகம். ஆகவே முதலில் அங்கே போய்விட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது.

1. கணக்கு என்ன சொல்கிறது

தோல்வி நேர்ந்ததும் நாம் காரணம் தேடுகிறோம். காரணமே தேவைப்படாத தோல்விகளும் உண்டு. ஓர் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 95 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். எவரும் அஞ்சத்தக்க பலம் இது. நாக் அவுட் முறையில் ஐந்து ஆட்டங்களையும் வென்று கோப்பையைத் தூக்கும் வாய்ப்போ 77 விழுக்காடுதான். அதாவது, ஏறக்குறைய நான்கு தொடர்களுக்கு ஒருமுறை அந்த அணி எங்கேயாவது இடறும். எதிராளி அன்று வழக்கத்தைவிட ஒரு துளிகூடக் கூடுதலாக உழைத்திருக்க வேண்டியதில்லை.

கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2014 முதல் 2017 வரை தொடர்ச்சியாக 111 ஆட்டங்களை வென்றது. அந்த அணியின் வெற்றி வாய்ப்பு ஒவ்வோர் ஆட்டத்திலும் 99 விழுக்காடு என்று கொண்டால்கூட, 111 ஆட்டங்களையும் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 97 விழுக்காடு என்று கொண்டால் அது 3.4 விழுக்காடாக இறங்கிவிடும். எனவே வியப்புக்குரியது அந்தத் தொடர் முடிந்தது அன்று. அத்தனை தூரம் நீண்டதுதான். ஆனால் நினைவு வேறு வகையில் வேலை செய்கிறது. 111 வெற்றிகளும் ஒரே எண்ணாகச் சுருங்க, ஒரு தோல்வி மட்டும் காட்சிகளோடு நிற்கிறது. அந்தக் காட்சியில் எதிராளி எப்போதும் தன் உச்சத்தில் ஆடிக்கொண்டிருப்பார், ஏனெனில் உச்சத்தில் ஆடாத நாளில் அவர் தோற்றிருப்பார். அந்த நாள் யாருக்கும் நினைவிருக்காது. எல்லாரும் தம்மிடம் உச்ச ஆட்டம் ஆடுகிறார்கள் என்ற பயிற்சியாளரின் அனுபவத்தில் பெரும்பகுதி இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட நினைவிலிருந்து பிறக்கிறது என்பது என் கருத்து.

பெரும்பகுதி என்றுதான் சொல்கிறேன், முழுவதும் என்று சொல்லவில்லை.

2. ஒரே ஜோடி, இரண்டு ஆட்டங்கள்

கூடுதல் முயற்சி என்பதைச் சோதிக்க நல்ல வழி, அதே இரு அணிகள் சிறு இடைவெளியில் இருமுறை மோதிய சந்தர்ப்பங்களைப் பார்ப்பது.

ஜான் வுடன் பயிற்றுவித்த யு.சி.எல்.ஏ. அணி 1967 முதல் 1973 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றது. 88 ஆட்டங்களாக நீண்ட அதன் வெற்றித் தொடரை 1974 ஜனவரி 19 அன்று நோத்ர டேம் 71–70 என்ற கணக்கில் முறித்தது. கடைசி மூன்றரை நிமிடம் இருக்கையில் 70–59 எனப் பின்தங்கியிருந்த அணி, அடுத்தடுத்து 12 புள்ளிகள் எடுத்து வென்றது. அவர்களுடைய பயிற்சியாளர் டிகர் ஃபெல்ப்ஸ், வென்றபின் கூடையின் வலையை அறுத்தெடுக்கும் சடங்கை ஆட்டத்துக்கு முன்பே தம் வீரர்களைக் கொண்டு ஒத்திகை பார்த்திருந்தார். சிறப்பு ஆயத்தம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஒரு வாரம் கழித்து யு.சி.எல்.ஏ.யின் சொந்த அரங்கில் அதே இரு அணிகளும் மீண்டும் மோதின. யு.சி.எல்.ஏ. 94–75 என வென்றது. ஒரு வாரத்தில் நோத்ர டேம் வீரர்களின் ஊக்கம் வற்றிப்போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது; உலகமே தங்களைப் பார்க்கிறது என்று தெரிந்து ஆடியவர்கள் அவர்கள். மாறியது அரங்கமும் கூட்டமும். முதல் ஆட்டத்தின்போது யு.சி.எல்.ஏ.யின் பில் வால்டன் முதுகுக் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: நோத்ர டேம் அப்போது நாட்டின் இரண்டாம் தரவரிசை அணி. சிறிய அணி வரிந்துகட்டிக்கொண்டு பெரிய அணியைச் சாய்த்த கதை என்று இதைச் சொல்வதே பிழை.

இரண்டாவது ஜோடி இன்னும் அதிகம் கற்றுத்தருகிறது. 2016 மார்ச்சில் கனெக்டிகட், மிசிசிப்பி ஸ்டேட் அணியை 98–38 என்று வீழ்த்தியது. வித்தியாசம் 60 புள்ளிகள். 2017 மார்ச் 31 அன்று அதே மிசிசிப்பி ஸ்டேட், கூடுதல் நேர ஆட்டத்தின் கடைசி நொடியில் மார்கன் வில்லியம் எடுத்த கூடையால் 66–64 என வென்று 111 ஆட்டத் தொடரை முடித்தது. 2016 மார்ச்சில் அவர்கள் குறைவாக உழைத்தார்களா? தேசியப் போட்டியின் முக்கியச் சுற்றில், தங்கள் பருவத்தின் மிகப் பெரிய ஆட்டத்தில், அவர்கள் கொடுத்ததும் முழு முயற்சிதான். அந்த முழு முயற்சிக்கு அன்று கிடைத்த விலை 60 புள்ளித் தோல்வி. ஓராண்டில் மாறியது ஆட்டக்காரர்களின் முதிர்ச்சி, பயிற்சி, அந்த 60 புள்ளியை மறக்க விடாத பயிற்சியாளர் விக் ஷேஃபரின் திட்டமிடல். உழைப்பு கூடியது உண்மை; ஆனால் அது 40 நிமிடத்தில் கூடியதன்று, 12 மாதங்களில் கூடியது.

இதற்கு ஒரு பின்தொடர்ச்சியும் உண்டு. இரண்டே நாள் கழித்து, ஏப்ரல் 2 அன்று, இறுதி ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட் 67–55 என சவுத் கரோலைனாவிடம் தோற்றது. சாம்பியனைச் சாய்ப்பதற்குச் செலவிட்டதை இரண்டு நாளில் திரும்பப் பெற முடிவதில்லை. 2018 மார்ச் 16 அன்று வர்ஜீனியாவை 74–54 என வீழ்த்தி, தேசியப் போட்டியின் ஆண்கள் பிரிவில் முதல் தரவரிசை அணியை வென்ற முதல் பதினாறாம் தரவரிசை அணி என்ற பெயரைப் பெற்ற யு.எம்.பி.சி.யும், இரண்டு நாளில் கன்சாஸ் ஸ்டேட்டிடம் 50–43 எனத் தோற்று வெளியேறியது. இவ்விரு நிகழ்வுகளும் பயிற்சியாளர்களின் கூற்றுக்கு ஓரளவு ஆதரவு தருகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய ஆட்டத்தில் ஏதோ ஒன்று கூடுதலாகச் செலவாகிறது.

3. உழைப்பைவிடத் துணிச்சல்

அந்த வர்ஜீனியா ஆட்டத்தின் எண்களைப் பார்த்தால் வேறொன்று தெரியும். இடைவேளையில் இரு அணிகளும் 21–21. யு.எம்.பி.சி. மொத்தம் 24 மூன்று புள்ளி வீச்சுகளில் 12ஐக் கூடையாக்கியது. வர்ஜீனியா 22இல் நான்கை மட்டும். வர்ஜீனியாவின் டி'ஆண்ட்ரே ஹன்டர் காயத்தால் ஆடவில்லை. இவற்றோடு, வர்ஜீனியா அந்தப் பருவத்தில் நாட்டிலேயே மிக மெதுவாக ஆடிய அணி என்பதும் முக்கியம்.

மெதுவாக ஆடுவது ஏன் முக்கியம்? இரண்டு அணிகளில் ஒன்று சற்றுத் திறமையானது என்றால், அந்தத் திறமை வெளிப்படப் போதிய வாய்ப்புகள் வேண்டும். நாணயத்தை நூறு முறை சுண்டுவதற்கும் பத்து முறை சுண்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. பந்தோடு தாக்கப் போகும் முறைகள் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். பலவீனமான அணிகள் இதைக் கணிதம் படிக்காமலே அறிந்திருந்தன. 1968 மார்ச்சில் நார்த் கரோலைனா ஸ்டேட், டியூக் அணியோடு பந்தை விடாமல் பிடித்துவைத்து ஆடி 12–10 என்று வென்றது. ஒரு முழு ஆட்டத்தின் கணக்கு அது. பிரின்ஸ்டனின் பயிற்சியாளர் பீட் கரில் இந்தப் பொறுமையை ஒரு கலையாகவே வளர்த்து, 1996இல் அப்போதைய சாம்பியன் யு.சி.எல்.ஏ.வை 43–41 என வெளியேற்றினார். இவ்வகை ஆட்டத்துக்குக் கட்டுப்பாடாகத்தான் அமெரிக்க ஆண்கள் கல்லூரிப் போட்டிகளில் 1985–86 பருவத்தில், 45 நொடிக்குள் கூடைக்கு வீசியாக வேண்டும் என்ற கடிகாரம் வந்தது. பின்னர் அது 35 ஆகி, 2015–16 முதல் 30 ஆனது. சர்வதேச விதியில் 2000ஆம் ஆண்டிலிருந்து 24 நொடிதான். இந்தியாவிலும் அதுவே.

ஆக, பயிற்சியாளர் 'அசாதாரண உழைப்பு' என்று உணர்வதில் ஒரு பகுதி, அசாதாரணத் துணிச்சல். தோற்றே தீர வேண்டிய அணிக்கு இழக்க எதுவுமில்லை. தூரத்திலிருந்து வீசும், ஆள்காப்பை விட்டு மண்டலத் தடுப்புக்கு மாறும், ஃபவுல் ஏறுவதைப் பற்றிக் கவலைப்படாது. அதே அணி தனக்குச் சமமான அணியோடு மோதும்போது இந்த ஆபத்துகளை எடுக்காது. சாம்பியன் பார்ப்பது அந்த அணியின் சிறந்த ஆட்டத்தை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதன் மிக ஏற்ற இறக்கமுள்ள ஆட்டத்தை என்று சொல்லலாம். பல நாள் அது 40 புள்ளித் தோல்வியில் முடியும். ஒரு நாள் வரலாறாகும்.

4. முன்னே மலை நின்றால்

உயர்ந்தவர் எதிரே நின்றால் உழைப்பு கூடும் என்பதை மறுக்கும் ஆய்வுகளும் உண்டு. எட்வர்ட் லேசியர், ஷெர்வின் ரோசன் ஆகியோர் 1981இல் வகுத்த கோட்பாட்டின்படி, போட்டியாளர்கள் சமபலம் கொண்டிருக்கும்போதுதான் இருவரும் அதிகம் உழைப்பார்கள். இடைவெளி பெரிதானால் இருவருமே தளர்வார்கள். ஜெனிபர் பிரவுன் 2011இல் கோல்ஃப் வீரர்களைக் கொண்டு இதைச் சோதித்தார். டைகர் உட்ஸ் பங்கேற்ற தொடர்களில் மற்ற வீரர்கள் சராசரியாக 0.8 ஸ்ட்ரோக் மோசமாக ஆடினார்கள் என்பது அவர் முடிவு. அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்த கோனலியும் ரெண்டில்மனும் அந்த முடிவு நிற்காது என்றார்கள். விவாதம் தீரவில்லை, ஆனால் எதிர்த்திசையில் விளைவு இருக்கவே முடியாது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களை அது நிறுத்தி யோசிக்கவைத்தது.

கூடைப்பந்துக்கே நெருக்கமானது கில்டஃப், எல்ஃபென்பைன், ஸ்டா மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கக் கல்லூரி மாணவர் பத்திரிகைகளின் விளையாட்டு எழுத்தாளர்களிடம், எந்த அணியைத் தங்கள் அணிக்குப் பரம எதிரியாக நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பகைமை வளர்ந்தது பக்கத்து ஊர்க்காரரிடமும், தகுதியில் ஒத்தவரிடமும், பலமுறை நூலிழையில் மோதியவரிடமும். அந்தப் பகைமை உள்ள இடத்தில்தான் தடுப்பாட்டத்தில் கூடுதல் உழைப்பின் அறிகுறியும் தெரிந்தது. எட்டாத உயரத்திலிருக்கும் சாம்பியன் இந்தப் பட்டியலில் இயல்பாக வந்து சேர்வதில்லை.

அமெரிக்க அட்டவணையின் ஒரு நடைமுறையும் இங்கே பேசும். பருவத்தின் தொடக்கத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் சிறிய கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தம் அரங்கத்துக்கு வரவழைக்கின்றன. சிறிய கல்லூரியின் விளையாட்டுத் துறை அந்தத் தொகையைக் கொண்டு ஆண்டை ஓட்டுகிறது. நெடும்பயணம் செய்து, தோற்பதற்கென்றே வந்து, மறுநாள் இன்னொரு ஊருக்குப் போகும் அணியிடம் உயிரைக் கொடுக்கும் ஆட்டத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

5. கேரளத்தில் எதிராளி யார்

இங்கே திரும்பும்போது கேள்வியின் வடிவமே மாறிவிடுகிறது. அமெரிக்காவில் சாம்பியனும் எதிராளியும் தனித்தனி நிறுவனங்கள். நம்மிடம் அவர்கள் ஒரே ஓட்டத்தின் மேல்மடையும் கீழ்மடையும்.

கோட்டயத்துக்காரரான கீது அன்னா ஜோஸ் அசம்ப்ஷன் கல்லூரியில் படித்து, சென்னையில் தென்னக ரயில்வேயில் சேர்ந்து, இந்திய அணியின் தலைமைக்கு வந்தார். 2006 முதல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடினார்; 2011இல் அமெரிக்க டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். 2014இல் அர்ஜுனா விருது பெற்றார். சென்னையின் அனிதா பால்துரையும் தென்னக ரயில்வேக்காரரே. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இத்தகையவர்களைக் கொண்டுதான் ரயில்வே பெண்கள் அணி தேசியப் போட்டியில் நெடுங்காலம் கோலோச்சியது. பள்ளியிலும் கல்லூரியிலும் கேரளமும் தமிழ்நாடும் வளர்த்த வீராங்கனைகள், வேலை கிடைத்ததும் தம் சொந்த மாநிலத்துக்கு எதிரே நின்றார்கள். இதில் அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் இங்கே ஆட்டக்காரருக்கு வாழ்க்கை.

2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியின் இறுதியில் கேரளப் பெண்கள் ரயில்வேயை வீழ்த்தினார்கள். சாம்பியனுக்கு எதிரே எல்லாரும் உச்சத்தில் ஆடுகிறார்கள் என்ற விளக்கத்தை இங்கே ஒட்டிவிடுவது எளிது. நான் வேறிடத்தில் பார்க்கிறேன். அந்தக் கேரள அணியின் முதுகெலும்பு மாநில மின்வாரியத்தின் வீராங்கனைகள். வயநாட்டிலிருந்து வந்த பி.எஸ். ஜீனா அவர்களில் முதன்மையானவர். சென்னைக்கு ரயிலேறாமலே சம்பளமும் பயிற்சி நேரமும் கிடைக்கும் வேலையை மின்வாரியம் கொடுத்தது. அதனால் நல்ல வீராங்கனைகள் மாநிலத்திலேயே ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆட முடிந்தது. சாம்பியனைச் சாய்த்த உழைப்பு ஒரு மாலையில் பொங்கியதன்று. அது ஒரு நிறுவனத்தின் சம்பளப் பதிவேட்டில் பல ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

கல்லூரி மட்டத்தில் இதே ஓட்டம் இன்னும் கூர்மையாகத் தெரியும். கொச்சியின் பள்ளிகளில் நன்றாக ஆடும் பெண், பிளஸ் டூ முடித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் விடுதியும் பயிற்சியாளரும் உள்ள கல்லூரிக்குப் போய்விடுவாள். மிஞ்சியவர்களைக் கொண்டு அமைகிறது மற்ற கல்லூரிகளின் அணி. அதாவது, சாம்பியன் தன் எதிராளிகளை முன்கூட்டியே பலவீனப்படுத்திவிட்டுத்தான் களத்துக்கு வருகிறது. இதோடு மழையும் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை ஜூனில் கல்லூரி திறக்கும்போதே தொடங்கும். ஐப்பசியில் மறு மழை. திறந்த சிமென்ட் தரையில் பழகும் அணிக்கு அந்த மாதங்களில் பாதிப் பயிற்சி போகும். கடவந்திரா ராஜீவ் காந்தி உள்ளரங்கம் போன்ற கூரையுள்ள இடங்கள் எல்லாருக்கும் நாள்தோறும் கிடைப்பவை அல்ல.

ஆனாலும் சாம்பியனுக்கு எதிரே சிறிய கல்லூரி ஆட்டக்காரி தன்னைக் கொட்டி ஆடுவதை மறுக்க முடியாது. அதற்கான காரணத்தை நான் பார்வையாளர் வரிசையில் தேடுவேன். பல்கலைக்கழக அணிக்கான தேர்வு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியை ஒட்டியே நடக்கிறது. தேர்வாளர் எந்த ஆட்டத்தைப் பார்க்க வருவார்? சாம்பியன் ஆடும் ஆட்டத்தைத்தான். பல்கலைக்கழக அணி என்பது சான்றிதழ், சான்றிதழ் என்பது வேலைக்கான விண்ணப்பம். அந்த நாற்பது நிமிடம் அவளுக்கு ஒரு நேர்முகத் தேர்வு. அவள் உழைப்பு உண்மையானது, ஆனால் அது சாம்பியனை நோக்கி எறியப்பட்டதன்று. அது அணிக்கு நன்மையாகவும் அமைவதில்லை: கவனத்தை ஈர்க்க விரும்பும் ஐந்து பேர், பந்தைப் பகிரும் ஓர் அணியாக ஆடுவது கடினம். தனியொருவரின் உச்ச முயற்சியும் அணியின் உச்ச ஆட்டமும் ஒன்றல்ல என்பதை அமெரிக்க ஆய்வுகள் அதிகம் பேசவில்லை. இங்கே அது கண்ணுக்கு நேரே நடக்கிறது.

கூட்டத்தின் பங்கையும் விட முடியாது. 1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் கேரளம் தன் முதல் சந்தோஷ் கோப்பையை வென்றது. தோற்றது ரயில்வேதான், 3–2. கேப்டன் மணி மூன்று கோல்களையும் அடித்தார். கால்பந்தாயினும், சொந்த மண்ணில் ஆடுவதன் பாடம் ஒன்றே. பார்வையாளர் ஆரவாரம் நடுவரின் விசிலையே மாற்றும் என்பதை நெவிலும் அவர் குழுவினரும் 2002இல் இங்கிலாந்து நடுவர்களைக் கொண்டு காட்டினார்கள்: ஆரவாரம் கேட்ட நடுவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் குறைவான ஃபவுல்களே கொடுத்தார்கள். சாம்பியன் வெளியூரில் ஆடினால்தான் அரங்கம் நிரம்புகிறது. நிரம்பிய அரங்கம் செய்வதை எல்லாம் எதிராளியின் உழைப்புக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

6. போட்டியின் வடிவம்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் மண்டலப் போட்டிகள் பொதுவாக நாக் அவுட்டில் தொடங்கி, கடைசி நான்கு அணிகளுக்கு மட்டும் லீக் முறைக்கு மாறும். நேரத்தையும் செலவையும் மிச்சப்படுத்த இதைவிட எளிய வழி இல்லை என்பது உண்மை. விளைவு என்னவென்றால், பலமான நான்கு அணிகள்தாம் ஒன்றோடொன்று திரும்பத் திரும்ப மோதிப் பழகுகின்றன. கில்டஃப் ஆய்வு காட்டிய பகைமை வளர இடம் கிடைப்பது அந்த நால்வருக்கு மட்டுமே. முதல் சுற்றில் சாம்பியனைச் சந்திக்கும் அணி 40 நிமிடத்தில் ஊருக்குத் திரும்புகிறது. அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரியின் அணியில் பாதிப் பேர் படிப்பு முடித்துப் போயிருப்பார்கள். மிசிசிப்பி ஸ்டேட்டுக்குக் கிடைத்த அந்த 12 மாதங்கள் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் சுற்றை நான்கு அணிக் குழுக்களாக வைத்தால் ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் உறுதி. 40 நிமிடம் 120 நிமிடமாகும். சாம்பியனோடு ஒன்று, சமமானவர்களோடு இரண்டு. எதிராளி சாம்பியனுக்கென்று எதையாவது ஒதுக்கிவைத்து ஆடுகிறாரா என்ற கேள்விக்கும் அப்போதுதான் சரியான பதில் தேட முடியும். ஒரே அணியின் ஒரே வாரத்து மூன்று ஸ்கோர் தாள்களில் கால்பகுதிவாரியாக ஃபவுல்களையும், ஓடும் புள்ளிகளையும், மூன்று புள்ளிக் கூடைகளின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். நான்காம் கால்பகுதியில் 30 புள்ளி பின்தங்கியபின்னும் ஃபவுல் எண்ணிக்கை குறையாத அணி எது, எந்த ஆட்டத்தில் என்பதை அந்தத் தாள்களே சொல்லும்.